சூசையப்பர் அன்பியத்தின் இரண்டு மரங்கள்

ஆறுதல் பரிசு வாங்குவதற்கென்று யாராவது தனியாகத் தங்க மெடல் கொடுப்பதாக இருந்தால், அது தாம்பரத்தில் ரயில் லைனுக்குப் பின்னால் இருக்கும் சூசையப்பர் அன்பியத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அன்பியம் என்றால் வேறொன்றுமில்லை, ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்களில் ஒரு தெரு, இரண்டு தெரு ஆட்கள் வாராவாரம் யார் வீட்டிலாவது கூடி ஜெபம் சொல்கிற குழு. கிறிஸ்மஸ் வந்தால் ஒவ்வொரு அன்பியமும் கோயில் மைதானத்தில் ஒரு குடில் போட வேண்டும். வைக்கோல் கூரை, குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர், ஆடு மாடு, மூன்று ராஜாக்கள். முதல் பரிசுக்குப் பெரிய கோப்பை. கடைசியில் நிற்பவர்கள் மனசு நோகக் கூடாது என்று ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் சாமான். சூசையப்பர் அன்பியத் தலைவி ஜெசிந்தாவின் வீட்டில் அப்படி வந்த பக்கெட்டில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

ஜெசிந்தாவும் அவள் கணவர் லாசரசும் இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரமாக ஆட்டோவுக்கும் காருக்கும் சீட் கவர் போட்டுத் தரும் கடை வைத்திருந்தார்கள். லாசரஸ் வெட்டுவார், ஜெசிந்தா தைப்பாள். பேசுவது முழுக்க ஜெசிந்தாவின் பொறுப்பு. லாசரஸ் வாயைத் திறந்தால் அன்று மழை வரும் என்று கடைக்கு வருகிற ஆட்டோக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், ஐப்பசி மழை ஆரம்பித்திருந்த நேரம். கோயில் காரியங்களைப் பேசி முடிவெடுக்கிற பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஃபாதர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். குடும்பங்கள் குறைவாக இருக்கும் அன்பியங்களை ஜனவரியிலிருந்து பக்கத்து அன்பியத்தோடு சேர்த்துவிடலாம் என்று எண்ணம். முதலில் சூசையப்பர் அன்பியம். அதை அந்தோணியார் அன்பியத்தோடு சேர்க்கலாம்.

ஜெசிந்தாவும் அங்கே உட்கார்ந்திருந்தாள். அந்தோணியார் அன்பியம் என்றால் மெயின் ரோட்டு அடுக்குமாடிக்காரர்கள். அதன் தலைவர் தனிஸ்லாஸ் ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர். கெட்ட மனிதர் இல்லை, பார்த்தால் சிரிப்பார், கேட்டால் உதவுவார். ஆனால் மே மாதம் மாதா வணக்கத்துக்கு இரண்டு அன்பியமும் அவர் ஃபிளாட்டில் சேர்ந்து கூடியபோது என்ன நடந்தது என்பதை ஜெசிந்தா மறக்கவில்லை. சூசையப்பர் அன்பியத்து லைன் வீட்டுப் பெண்களுக்கு இடம் கிடைத்தது செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். அவர்களில் நல்ல குரல் ரெஜினாவுக்கு. அவள் பாட்டை எடுத்ததும், டைம் ஆகிவிட்டது என்று நிறுத்தினார்கள். மறுநாள் தனிஸ்லாஸ் வீட்டம்மா போன் செய்து, "உங்க ஆளுங்க கொஞ்சம் லவுடா பேசறாங்க, ஜெசிந்தா. ஃபிளாட்ல கம்ப்ளெய்ன்ட் வருது" என்றாள்.

லைன் வீட்டுக் கூட்டம் அப்படி இருக்காது. அங்கே எழுதப் படிக்கத் தெரியாதவளும் தன் வாயால் ஜெபம் சொல்வாள். யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் பிரசவம் என்றாலும் அன்பியம்தான் முதலில் போய் நிற்கும். சேர்த்துவிட்டால் இந்தப் பெண்களெல்லாம் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதை நினைத்ததும் ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்றாள்.

"ஃபாதர், நாங்க இன்னா குறை வச்சோம்?"

"குறை இல்லம்மா. தனியா நின்னு ஒரு காரியம் செய்ய ஆள் பலம் வேணும் இல்லையா? குடிலையே எடுத்துக்கங்க."

"சரி, குடிலையே எடுத்துக்கறேன். இந்த வருஷம் குடில்ல ஃபஸ்ட் பிரைஸ் வாங்கினா எங்கள சேக்க மாட்டீங்க இல்ல?"

பேரவை முழுக்கச் சிரித்தது. ஃபாதருக்கும் சிரிப்பு வந்தது. "வாங்குங்க. வாங்கிட்டா சேர்க்கலை" என்றார். அவர் ஏதோ குழந்தைக்கு மிட்டாய் தருவதாகச் சொல்வதுபோல்தான் சொன்னார். ஆனால் சொன்னது சொன்னதுதானே.

*

அந்த வருஷம் நடுவராக வந்தது சிஸ்டர் பெனிட்டா. கொடைக்கானல்காரர், ஜூன் மாதம்தான் பங்குப் பள்ளிக்கு மாறி வந்திருந்தார். கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு பிரசங்கத்தில் லெபனோன் மலையும் அதன் மரங்களும் வந்தன. பூசை முடிந்ததும் சிஸ்டர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஊர்ல கிறிஸ்மஸ் மரம்னா எல்லாரும் சவுக்குக் கிளையைத்தான் நடறீங்க. அது நல்ல மரம்தான், நான் குறை சொல்லலை. ஆனா இந்த வருஷம் குடில்ல ரெண்டு மரம் நிக்கணும். ஒண்ணு பைன், ஒண்ணு சைப்ரஸ். ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. பைன் கையை விரிச்சு நிக்கும். இலை நீள நீளமா ஊசி, ரெண்டு மூணு ஊசி ஒரே இடத்துலருந்து கொத்தாக் கிளம்பும். பட்டை தடிப்பா, பாளம் பாளமா வெடிச்சிருக்கும். சைப்ரஸ் கைகட்டி நேரா நிக்கும், மெழுகுவத்தி மாதிரி. இலை தனியாவே தெரியாது. சின்னச் சின்னச் செதிலாக் கிளையோட ஒட்டி, பின்னல் போட்ட மாதிரி இருக்கும். பட்டை நார் நாரா உரியும். மீதியை நீங்களே தேடிக் கண்டுபிடிங்க. பேர்ப் பலகை மட்டும் வைக்கக் கூடாது. மரமே தன் பேரைச் சொல்லணும்."

கோயிலை விட்டு வெளியே வந்ததும் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஊசி மாதிரி இலை என்றால் சவுக்குதான். கேளம்பாக்கம் பக்கத்திலிருந்து டிசம்பர் மாதம் மினி வேனில் வந்து இறங்கும், பேரம் பேசி வாங்கி வாசலில் நட்டால் கிறிஸ்மஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். அதில் பைன் என்ன, சைப்ரஸ் என்ன.

"ரெண்டு சவுக்கு நட்டுடலாம்கா. ஒண்ண விரிச்சி வுட்டு, ஒண்ணக் கயிறு போட்டுக் கட்டிடலாம்" என்றாள் ரெஜினா.

"சவுக்க இந்தக் குடிலாண்ட கொண்டாந்தே, கைய ஒடிப்பேன்" என்றாள் ஜெசிந்தா.

மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போய் இரண்டு மரத்தின் படத்தையும் கலரில் பிரின்ட் எடுத்துவந்து தையல் மெஷினுக்கு மேலே ஒட்டினாள். தூரத்திலிருந்து எடுத்த படங்கள். ஒன்று விரிந்திருந்தது, ஒன்று ஒடுங்கியிருந்தது. அதற்கு மேல் அந்தப் படங்களில் ஒன்றும் தெரியவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே அண்ணாந்து பார்ப்பாள், சிஸ்டர் சொன்ன வார்த்தைகளை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருப்பாள். பின்னல் போட்ட மாதிரி. பின்னல் போட்ட மாதிரி. மூன்றாம் நாள் சட்டென்று மெஷினை நிறுத்தினாள். எதிரே ஆணியில் ஒரு கண்டு பச்சை நைலான் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. கார்க்காரர்கள் கேரியரில் சாமான் கட்டுவதற்காகக் கடையில் வைத்திருந்த பின்னல் கயிறு. எழுந்துபோய் ஒரு முழம் வெட்டினாள், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். செதில் மேல் செதில் ஏறி ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

"ஏங்க, சைப்ரஸ் கெடைச்சிடுச்சி" என்றாள்.

லாசரஸ் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு வேலை சூடு பிடித்தது. சாயங்காலமானால் அன்பியத்துப் பெண்கள் எல்லாரும் கடைக்கு வந்துவிடுவார்கள். கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டி, நுனியைத் தீயில் காட்டிக் கூராக்கி, கம்பியில் நெருக்கமாகக் கட்டி மேல்நோக்கி நிறுத்தினார்கள். பைன் ஊசிக்கு ஜெசிந்தா கண்டுபிடித்தது பாத்ரூம் கழுவுகிற பச்சை நைலான் துடைப்பம். மார்க்கெட்டில் இருந்த துடைப்பத்தை எல்லாம் வாங்கிவந்து பிரித்து, மூன்று மூன்று இழையாக அடியில் நூல் சுற்றிக் கொத்தாக்கினார்கள். கடைக்காரர், "இன்னாம்மா, தாம்பரம் மொத்தத்தையும் கழுவப் போறியா?" என்று கேட்டார்.

பட்டைக்குப் பல்லாவரம் ஜமால் பாயிடம் போனாள். அவர் தோலில் பெல்ட்டும் பையும் செய்கிறவர். சீட் கவர் கடைக்கு அவரிடமிருந்துதான் தோல் வரும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கழித்துப்போட்ட தடித்த தோல் துண்டுகளை ஒரு சாக்கு நிறைய அள்ளிக் கொடுத்தார்.

"துட்டு இன்னா பாய்?"

"போம்மா தங்கச்சி. கோப்பை வந்தா எங்க கடையாண்ட ஒரு தபா கொண்டாந்து காட்டு."

அந்தத் துண்டுகளைப் பாளம் பாளமாக ஒட்டியதும் பைனுக்கு உடம்பு வந்துவிட்டது. சைப்ரசுக்குத் தேங்காய் நாரை நெடுக்காக ஒட்டினார்கள். இரண்டு மரத்துக்கும் உள்ளே நின்ற கம்பு மட்டும் சாரம் கட்டுகிற சவுக்குக் கழி. ரெஜினா அதைச் சுட்டிக்காட்டி வாயைத் திறப்பதற்குள், "உள்ள கீறத யாரு பாக்கப் போறா" என்றாள் ஜெசிந்தா.

கடைசியாகக் காய். மரம் என்றால் காய் வேண்டாமா? லாசரஸ் ஒரு பை நிறையச் சவுக்குக் காய் பொறுக்கிக்கொண்டு வந்தார். சின்னச் சின்ன உருண்டை, மேலெல்லாம் மரச் செதில். அதை எந்த மரத்தில் மாட்டுவது என்று யாரும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சவுக்கு இலை ஊசி, பைன் இலையும் ஊசி. அப்படியானால் சவுக்குக் காய் பைன் மரத்துக்குத்தானே? சவுக்கிலேயே கண் விழித்தவர்களுக்கு இதைவிடச் சரியான நியாயம் எங்கே கிடைக்கும். எல்லாக் காயையும் பசை போட்டுப் பைனில் ஒட்டினார்கள்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. தனிஸ்லாசின் மச்சான் ஊட்டியில் இருக்கிறார். அங்கிருந்து காய்கறி லாரியில் நிஜமான பைன் கிளையும் நிஜமான சைப்ரஸ் கிளையும் கட்டுக் கட்டாக வரப்போகின்றன.

அன்று ஜெசிந்தா அழுதாள். ஆட்டோ சீட்டு ஒன்றைத் தைத்துக்கொண்டே, ரெக்சின் மேல் கண்ணீர் சொட்டச் சொட்ட அழுதாள். பெண்கள் எல்லாரும் கையில் துடைப்ப இழையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

"நெசத்துக்கு முன்னாடி இந்தத் தொடப்பம் இன்னாத்துக்கு ஆவும்? ஊரே பாத்து சிரிக்கப் போவுது. நான் வேற வாயத் தொறந்து ஃபாதர்கிட்ட சவால் வுட்டுட்டேன்."

லாசரஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அவுரு கொண்டாறது கிளை. மரம் நம்மகிட்டதான் கீது" என்றார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கிவிட்டார்.

ஜெசிந்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். கடை மூலையில் அவளுடைய தோள் உயரத்துக்கு ஒன்று கையை விரித்து நின்றது, பக்கத்தில் ஒன்று கைகட்டி நின்றது. அழுது முடித்ததும் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

*

நடுவர் பார்க்க வருவது கிறிஸ்மஸுக்கு மறுநாள் சாயங்காலம். கிறிஸ்மஸ் அன்று காலைப் பூசை முடிந்ததும் மைதானத்தில் ஒரு சுற்று வந்த ஜெசிந்தா, அந்தோணியார் அன்பியத்துக் குடில் முன்னால் நின்றாள். பெரிய குடில்தான். ஊட்டிக் கிளைகளை மணலில் வரிசையாகச் செருகியிருந்தார்கள். பனி என்று சொல்லிப் பஞ்சைப் பிய்த்து எல்லாவற்றின் மேலும் போர்த்தியிருந்தார்கள். அதற்கு மேல் தங்க நிற ஸ்பிரே, அதற்கு மேல் சீரியல் லைட்.

தனிஸ்லாஸ் மலர்ந்த முகத்தோடு வந்தார். "ஹாப்பி கிறிஸ்மஸ், ஜெசிந்தா. டச் பண்ணிப் பாருங்க, ஒரிஜினல். ஸ்மெல் பண்ணிப் பாருங்க."

ஜெசிந்தா குனிந்து முகர்ந்தாள். ஒரு கிளை தரை துடைக்கிற பினாயில் மாதிரி குப்பென்று அடித்தது. இன்னொன்றில் பென்சில் சீவினால் வருகிற மணம். நிமிரும்போதுதான் மாட்டுச் சுரூபத்தின் காலடியில் ஒன்று கிடப்பதைப் பார்த்தாள். கைமுட்டி அளவு. கீழிருந்து மேல்வரை அகலமான மரச் செதில்கள், ஒவ்வொன்றும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது.

"இது இன்னா சார்?"

"பைன் கோன். பைன் மரத்தோட காய். லாரியில வரும்போதே பாதி விழுந்துடுச்சு, அது கிடக்கட்டும்" என்றார் தனிஸ்லாஸ்.

ஜெசிந்தா சைப்ரஸ் கிளையைப் பார்த்தாள். பஞ்சை ஒரு விரலால் விலக்கினாள். உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள், கோலிக்குண்டு அளவு, மேலெல்லாம் கட்டம் கட்டமாக மரச் செதில். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாசரஸ் பொறுக்கிவந்த சவுக்குக் காய் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருந்தது. சவுக்கு அவர்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறது. இலையில் பைன் மாதிரி வேஷம், காயில் சைப்ரஸ் மாதிரி வேஷம். இலையைப் பார்த்துக் காயை மாட்டிவிட்டார்கள்.

"நன்றி சார். ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். எதற்கு இத்தனை நன்றி என்று தனிஸ்லாசுக்குப் புரியவில்லை.

லைன் வீடுகளில் பிரியாணி தம்மில் இருந்தது. ஜெசிந்தா வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். "பைன்ல ஒட்டின காயெல்லாம் பிய்க்கணும். அது சைப்ரஸுக்குப் போவணும். பைனுக்குப் புதுசா பெரிய காய் செய்யணும். எல்லாம் வாங்க."

"உனக்கு இன்னா பைத்தியமாக்கா? நல்ல நாளும் அதுவுமா, ஒட்டினத பிச்சிகினு. இத யாரு கவனிக்கப் போறா?" என்றாள் ரெஜினா.

"நான் கவனிச்சிட்டனே. தப்புன்னு தெரிஞ்சி வுட்டுட்டு, தோத்தா கூட மனசு ஆறாது. வா."

ஜமால் பாய்க்குப் போன் போட்டாள். அவருக்கு அது சாதாரண நாள், கடையில் இருந்தார். மெல்லிய தோல், பழுப்பு நிறம், இலை மாதிரி வெட்டுகிற அச்சு இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு மணி நேரத்தில் டி.வி.எஸ். வண்டியில் தோல் சுருளும் வெட்டு அச்சும் சுத்தியலுமாக வந்து இறங்கினார்.

"பைல பூ வைக்கிற அச்சு. சைஸ் போதுமா பாரு."

போதும் என்பதற்கு மேலேயே இருந்தது. ஜமால் பாய் வாசலில் உட்கார்ந்து டக் டக் என்று செதில்களை வெட்டித் தள்ளினார். பெண்கள் தெர்மகோல் துண்டை முட்டை மாதிரி சீவி, அதைச் சுற்றி அடியிலிருந்து அடுக்கடுக்காகச் செதிலைத் தைத்தார்கள். செதில் நுனியை ஒவ்வொன்றாக விரலால் மடித்து வாய் பிளக்க வைத்தார்கள். முதல் காய் அன்னாசிப்பழம் மாதிரி வந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதைப் பார்த்து ரெஜினாவே, "ஏ, அச்சு அசலா கீதுக்கா" என்று சொல்லிவிட்டாள். பிரியாணி ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருந்தது. ரெஜினா பாட ஆரம்பித்தாள், நிறுத்த ஒருத்தரும் இல்லை. ஜெசிந்தா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே இந்த முகங்களை எல்லாம் பார்த்தாள். இவர்களைப் பிரித்துப் பின்வரிசையில் உட்கார வைக்க யாருக்கு மனசு வரும் என்று நினைத்தாள். கோபத்தில் பாதி இப்போது ஆசையாக மாறியிருந்தது. ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை.

*

மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் நிற்க இடமில்லை. குடில் பார்க்க எல்லா ஊரிலிருந்தும், எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். சிஸ்டர் பெனிட்டா முதல் குடிலுக்கு முன்னால் வந்து நின்றவர், உள்ளே பார்க்காமல் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் கழுத்து நிறைய நகையும் வாய் நிறைய வெற்றிலையுமாக ஒரு அம்மாள் நின்றிருந்தார். அஸ்தினாபுரம் கங்கையம்மாள். ஒரு காலத்தில் அங்கே அவர்கள் குடும்பத்துக்கு வயலும் சவுக்குத் தோப்பும் இருந்தன, இப்போது அந்த இடத்தில் வாடகை வீடுகள் இருக்கின்றன. வருஷா வருஷம் நாத்தனாரோடு குடில் பார்க்க வருகிறவர்.

"அம்மா, பைன் மரம் பார்த்திருக்கீங்களா?"

"நான் எங்கம்மா பாத்தேன். எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் சவுக்குதான்."

"அப்போ நீங்கதான் எனக்கு வேணும்" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டார் சிஸ்டர். "பைன் கையை விரிச்சு நிக்கும், சைப்ரஸ் கைகட்டி நிக்கும். அவ்வளவுதான் சொல்லுவேன். எது எதுன்னு நீங்க காட்டுங்க."

முதல் குடிலில் இரண்டுமே சவுக்கு. கங்கையம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாவதில் ஒன்று சவுக்கு, இன்னொன்று நர்சரித் தொட்டிச் செடி. வரிசையாக வந்து அந்தோணியார் குடில் முன்னால் நின்றார்கள். கங்கையம்மாள் கண்ணை இடுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"பஞ்சு கீது. லைட்டு கீது. மரம் எங்கம்மா கீது?" என்றார். பிறகு குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டி, "இது பைனா?" என்று கேட்டார். அது சைப்ரஸ்.

"சிஸ்டர், எல்லாம் ஒரிஜினல் சிஸ்டர். ஊட்டியிலருந்து வந்தது" என்றார் தனிஸ்லாஸ்.

"தெரியுது சார், வாசனையே சொல்லுது. எனக்கு எங்க ஊருக்குப் போன மாதிரி இருக்கு. ஆனா கிளையை மட்டும் நட்டா மரம் எப்படி நிக்கும்னு தெரிய மாட்டேங்குதே. அதுமேல பஞ்சு வேற" என்றார் சிஸ்டர். சொன்ன விதத்தில் கடுமை இல்லை. தனிஸ்லாஸ் தலையைச் சொறிந்துகொண்டார்.

கடைசிக் குடில் சூசையப்பர் அன்பியத்துடையது. ஜெசிந்தா ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கங்கையம்மாள் வந்தார். நின்றார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, விரலை நீட்டினார்.

"இது பைன். இது அந்த இன்னொண்ணு, கைகட்டிகினு கீதே." பிறகு தானாகவே உள்ளே குனிந்தார். "இதுக்கு இலை ஊசி ஊசியா கொத்தா கீது. இதுக்குப் பின்னல் போட்டுக்கீது. இதுக்குத் தோலு பாளமா, இதுக்கு நாரா." சைப்ரஸ் மரத்துக் காயைத் தொட்டுப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தார். "ஏம்மா, இது சவுக்குக் காயாச்சே. எங்க தோப்புல கூடை கூடையா பொறுக்கியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஜெசிந்தாவுக்கு உயிரே போய்விட்டது. சிஸ்டர் குனிந்து ஒரு காயைப் பார்த்தார். பைனில் தொங்கிய தோல் காயைப் பார்த்தார். மறுபடி இந்தக் காயைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"சவுக்குக் காய்தாம்மா. ஆனா சைப்ரஸ் காயும் பார்க்க இப்படித்தான் இருக்கும், சின்ன உருண்டையா. காய் மாட்டின மத்தவங்க எல்லாரும் சவுக்குக் காயைப் பைன்லதான் மாட்டி வச்சிருக்காங்க, ஊசி இலைக்கு ஊசி இலைன்னு. இங்க மட்டும்தான் சரியான மரத்துல இருக்கு." ஜெசிந்தா பக்கம் திரும்பினார். "எப்படி இதைக் கண்டுபிடிச்சீங்க?"

"நாங்களும் மொதல்ல பைன்லதான் ஒட்டினோம் சிஸ்டர். தனிஸ்லாஸ் சார் குடில்ல நெசக் காயப் பாத்தேன். பாத்துட்டு எல்லாத்தையும் பிச்சி மாத்தினோம்" என்றாள் ஜெசிந்தா.

"எப்போ?"

"நேத்து. பிரியாணிய வுட்டுட்டு."

சிஸ்டர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் ஒருதரம் இந்தக் குடிலைப் பாருங்க. பைன் எது, கையைக் காட்டுங்க" என்றார்.

பலூன்காரரிலிருந்து பாடகர் குழுவரை, மைதானத்தில் இருந்த அத்தனை பேர் கையும் ஒரே பக்கம் நீண்டது. "சைப்ரஸ் எது?" அத்தனை கையும் அடுத்த பக்கம் திரும்பியது. கொடைக்கானலைக் கண்ணால் பார்க்காதவர்கள், சவுக்கைத் தவிர வேறு ஊசியிலை தெரியாதவர்கள், ஒருத்தருக்கும் தப்பவில்லை. பின்னால் நின்ற ஜமால் பாய் கையை உயர்த்தி, தான் ஏற்கெனவே மரத்தோடு பழகியவர் என்பது நினைவுக்கு வந்ததுபோல் மெல்லக் கீழே இறக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு முடிவை அறிவிக்க அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் அறிவித்தார்கள். முதல் பரிசு, சூசையப்பர் அன்பியம். லைன் வீட்டுப் பெண்கள் எழுப்பிய கூச்சலில் சீரியல் லைட் வயர் ஒன்று கழன்று விழுந்தது. லவுடாகத்தான் இருந்தது, ஆனால் அன்று யாரும் கம்ப்ளெய்ன்ட் செய்யவில்லை. முதல் ஆளாகக் கை தட்டியது தனிஸ்லாஸ்.

ஜெசிந்தா தனியாக மேடை ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அன்பியத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஏறினார்கள், மேடைப் பலகை முனகியது. ஃபாதர் கோப்பையை நீட்டினார். ஜெசிந்தா அதைத் தொடவில்லை.

"ஃபாதர், அந்தச் சேக்குற விஷயம்?"

ஃபாதர் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாக, "சேர்க்கலைம்மா. நீங்க தனியாவே இருங்க" என்றார்.

ஜெசிந்தாவுக்கு அது கேட்டது. பக்கத்தில் நின்ற ரெஜினாவுக்குக் கேட்டது. ஆனால் கீழே நின்ற லாசரசுக்குக் கேட்கவில்லை, பேரவையில் அன்று சிரித்தவர்களுக்கும் கேட்கவில்லை. அவள் ஸ்டாண்டிலிருந்து மைக்கைக் கழற்றினாள். சீட் கவருக்கு அளவெடுக்கிற அதே நிதானத்தோடு அதை ஃபாதரின் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"மைக்ல சொல்லுங்க ஃபாதர்."

ஃபாதர் அவளைப் பார்த்தார். பின்னால் வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சூசையப்பர் அன்பியம் யாரோடயும் சேராது. தனியாத்தான் இருக்கும்" என்றார்.

ஒலிபெருக்கி அதை ரயில் லைனைத் தாண்டி லைன் வீடுகள் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குப் பிறகுதான் ஜெசிந்தா கோப்பையைக் கையில் வாங்கினாள்.